ஆற்றுப் பாசி பூத்த காலை

"பாசி பாக்கத் திருநெல்வேலிக்கா? நம்ம கிணத்தடியில இல்லாத பாசியா?" என்று என் மனைவி கேட்டாள்.

நியாயமான கேள்விதான். மயிலாடுதுறையில் எங்கள் கிணற்றடியில் வழுக்கி விழாத உறவினர் யாரும் இல்லை. ஆனால் நான் பார்க்க நினைத்த பாசி வேறு. அதற்காகப் புறப்பட்டது 1996 பிப்ரவரியில். அதன் தொடக்கம் அதற்கு முந்தைய கோடையில், ஜெர்மனியில்.

மாப்பிள்ளைக்கு ஹாலே நகரத்துப் பக்கம் வேலை. மகளைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துச் சிற்றூரில் பழைய மருந்துக் கடை ஒன்றின் மாடியைச் சிறிய அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். பீங்கான் குடுவைகள், தராசுகள், காய்ந்த வேர்கள். சுவரில் ஒரு பலகை. அதில் ஜெர்மன் எழுத்துகளுக்கு நடுவே 'தரங்கம்பாடி' இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் காபி ஆறுவதற்குள் வந்துவிடுகிற ஊர். தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் தரங்கம்பாடியின் பழைய கதைகளை ஆண்டு வரிசையில் எழுதி வைப்பதுதான் என் பொழுதுபோக்கு. மகளைப் பிடித்து நிறுத்தி, பலகையை வரி வரியாக வாசிக்கச் சொன்னேன்.

யோஹான் ஹெஸ்லர் அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரரின் மகன். மருத்துவம் படித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தபோது, அங்கே கிறிஸ்தவ சபையின் மருத்துவராக வந்து சேர்ந்தார். செடிகளின் மேல் அவருக்குத் தீராத ஆசை. நோயாளிகளிடம் அவர் வாங்கிய கட்டணம் ஒரு செடி. அதன் பெயரையும் அது எதற்கு ஆகும் என்பதையும் கொண்டுவந்தவரே சொல்லவேண்டும். கீழாநெல்லி, தூதுவளை, நிலவேம்பு என்று வந்து குவிந்தன. சாமர்த்தியசாலிகள் ஒவ்வொரு தடவையும் துளசியையே கொண்டுவந்தார்கள். மனுஷர் அதையும் மறுக்காமல் தாளில் அழுத்தி வைத்தார். அவருடைய செடிக் கட்டுகளில் மிஞ்சியவை அந்த மாடியில் இருக்கின்றன. அவற்றில் ஒரு கட்டு முழுவதும் துளசி.

தெற்கே அவர் இரண்டு முறை பயணம் போனார். முதல் முறை மழைக்காலம். தாமிரபரணி பாபநாசத்தில் பாறைகளை மூடிக்கொண்டு ஓடிய நேரம். தண்ணீருக்கடியில் பாறையோடு ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்து, 'பாசி' என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் முறை மழை ஓய்ந்த பிறகு போனார். அங்கேயே காய்ச்சல் கண்டது. திரும்பும் வழியில் மாட்டு வண்டியில் படுத்தபடி, "பாசி பூத்திருக்கிறது, பாசி பூத்திருக்கிறது" என்று உடன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாராம். வழியிலேயே உயிர் போயிற்று. ஆற்றோரம் எங்கோ புதைத்தார்கள். இடம் தெரியாது.

பலகையின் கடைசி வரி: "இறுதி நாட்களில் காய்ச்சலால் அறிவு கலங்கிப் பிதற்றினார்."

பாசி பூக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர் எர்னா என்ற அம்மையார், அதே மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் மொழிபெயர்த்தாள்: "பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கடைசி வரியை வாசிக்காமல் தாண்டிவிடுவேன். ஆனால் அவர்களுக்கு வாசிக்கத் தெரியுமே. 'கிறுக்கு டாக்டர்' என்று சிரித்துக்கொண்டே படி இறங்குவார்கள். துளசியைக்கூட மறுக்காத மனிதரை அப்படிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை."

ஊருக்கு வந்ததும் கல்லூரி நூலகத்தில் தாவரவியல் புத்தகங்களைப் புரட்டினேன். பாய்ந்தோடும் ஆறுகளின் பாறையில் பாசியைப் போலவே ஒட்டி வாழும் ஒரு குடும்பச் செடிகள் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை அவை பூப்பதில்லை. தண்ணீர் வடிந்து பாறை வெளியே தெரிந்ததும் அவசர அவசரமாகப் பூத்து, காய்த்து, காய்ந்துபோகும். படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தப் புத்தகத்தையும் இந்தப் பலகையையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மகள் மூலம் எர்னாவுக்கு எழுதினேன். அவர் அருங்காட்சியகக் குழுவிடம் சொன்னார். குழுவின் பதில்: அந்த ஆற்றில், அந்த இடத்தில் பூத்ததற்குப் படம் இருந்தால் பலகையை மாற்றுகிறோம்.

மாசி பிறந்த மறுநாள், புதன்கிழமை காலை திருநெல்வேலியில் இறங்கினேன்.

என்னோடு மயிலாடுதுறை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த கோமதிநாயகம் நிலையத்துக்கே வந்திருந்தார். சொந்த ஊரான முக்கூடலில் இப்போது கொஞ்சம் வயல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன வே வைத்தி, எலும்பும் தோலுமா வந்து நிக்கீரு? காவேரியில தண்ணி இல்லன்னா சோறும் இல்லையா?" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார்.

முக்கூடல் பஸ்ஸில் சன்னலோரம் கொடுத்தார். எங்கள் ஊரில் மாசியில் காவேரி என்றால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். இங்கே ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இரு பக்கமும் பச்சை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. இவ்வளவு தண்ணீர் ஓடினால் பாறை எப்படி வெளியே தெரியும்?

"தண்ணி ரொம்ப இருக்கே நாயகம்" என்றேன்.

"இருக்கட்டும் வே. எனக்கு நடவு பிந்திட்டு. இப்பத்தான் கதிரு பால் பிடிக்கு. இன்னும் ஒரு தண்ணி பாஞ்சாத்தான் நெல்லு. இல்லன்னா பூராவும் பதருதான். நான் மட்டுமில்ல, எங்க மடையில எல்லாவனும் அப்படித்தான் நிக்கோம்."

நான் தண்ணீர் வடியவேண்டும் என்று வந்திருக்கிறேன். எனக்குச் சோறு போடப்போகிறவர் வடியக் கூடாது என்று இருக்கிறார். இதை இருவருமே அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம் அவர் மனைவி செண்பகம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பரிமாறினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் எள்ளென்றால் எண்ணெய்க்கும் திவசத்துக்கும்தான். சனிக்கிழமை எள் சாதம் உண்டு, அவ்வளவுதான். புதன்கிழமை, இவ்வளவு துவையலை, இவ்வளவு உற்சாகமாக யாரும் அரைத்து நான் கண்டதில்லை. விரல் இடுக்கில் ஒட்டியதையும் விடவில்லை.

"அண்ணாச்சி, கூச்சப்படாம சாப்பிடுங்க. பாசி பாக்கப் போறவுகளுக்குத் தெம்பு வேணும்லா" என்றார்கள் அந்த அம்மாள். விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமை பாபநாசம் போனோம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. பின்னால் இருந்த ஒருவர், "ஏலே, வண்டிக்கும் ஒரு காப்பி வாங்கிக் குடு, போவும்" என்றார். உண்மையிலேயே ஓட்டுநர் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி ஊற்றினார். போயிற்று.

கோயில் படித்துறையில் ஆறு வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய மீன்கள் பொரிக்காக வாயைப் பிளந்தன. பாறைகள் அத்தனையும் தண்ணீருக்குள். கீழே தள்ளி ஓர் இடத்தில் முழங்கால் வரை இறங்கிக் கையால் தடவினேன். பாறையில் மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எதையும் தொலைச்சிட்டீயளா?"

"இல்லம்மா, பாசி பார்க்கிறேன்."

அவள் பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "பாவம், வீட்ல யாரும் இல்ல போலுக்கு."

திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் காஜா மைதீனின் ஸ்டுடியோவுக்குக் கோமதிநாயகம் கூட்டிப் போனார். காஜா துபாயில் சில வருஷம் இருந்து வந்தவர். மிக அருகில் வைத்து எடுக்கிற லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. கல்யாண வீடுகளில் மோதிரமும் கம்மலும் எடுப்பதற்காக வாங்கியதாம்.

"பாசியையா எடுக்கணும்?" என்று என்னையும் கோமதிநாயகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுக்கலாம் அண்ணாச்சி. மாப்பிள்ளையப் போல நெளியாது, பொண்ணப் போல அழாது. ஆனா பூத்தாச் சொல்லுங்க. நோன்பு நேரம், ரெண்டு தடவ அலைய முடியாது."

வெள்ளிக்கிழமை காலை முக்கூடல் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். நேற்றுக் கழுத்து வரை நின்ற இடத்தில் இடுப்பளவுதான் இருந்தது. மேலே அணையில் தண்ணீரைக் குறைத்துவிட்டார்களாம்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கோமதிநாயகம் என்னைப் பார்த்து, "சிரியும் வே, அடக்காதீரும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கதிர்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்றை உருவி நசுக்கிக் காட்டினார். பால் கசிந்தது. வரப்பின் ஓரத்து மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் குரல் பெரியவர் சுடலைமுத்து. "அதிகாரியப் போய்ப் பாப்பமா, இங்கனயே நின்னு ஒப்பாரி வைப்பமா?" என்றார். எல்லோரும் வேன் பிடித்துப் புறப்பட்டார்கள். கோமதிநாயகமும் நானும் ஏறினோம்.

நான் அம்பாசமுத்திரத்தில் இறங்கிக்கொண்டேன். பகலெல்லாம் ஊரைச் சுற்றினேன், கோயில் பார்த்தேன், ஓட்டலில் சாப்பிட்டேன். எதிலும் மனம் நிலைக்கவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். அடுத்த நிமிஷம், ஆனால் உடனே வேண்டாம் என்று நினைப்பேன்.

சூரியன் சாயும்போது காஜாவின் கடைக்குப் போனேன். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருந்தது. பேரீச்சம்பழம் ஒன்றை என் கையில் வைத்து, "பாங்கு சொல்லுத வரைக்கும் பொறுங்க. நம்மகூட நீங்களும் தொறங்க" என்றார். நோன்பு வைக்காத நான், வைத்தவரோடு சேர்ந்து காத்திருந்தேன். அந்தக் கஞ்சியின் மணம், வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும், இதை எழுதும்போதும் வருகிறது. தட்டில் வடையும் இருந்தது. எங்கள் பக்கத்து வடையைவிடச் சிறியது, காரம் மட்டும் பெரியது.

கோமதிநாயகம் அங்கேயே வந்து சேர்ந்தார். முகம் தெளிந்திருந்தது. "கெடச்சிட்டு வே. நாளைக்கு மத்தியானம் தொறக்காங்க. காலையில போய் உம்ம பாசியப் பாத்துட்டு வந்துருவோம். காஜா, வருவீருல்லா?"

"நசீபு இருந்தாப் பூக்கும். வாரேன்" என்றார் காஜா.

சனிக்கிழமை விடிந்ததும் மூவரும் பாபநாசத்தில் இருந்தோம். கோயிலுக்குக் கீழே, ஆறு திரும்புகிற இடம். வியாழக்கிழமை தண்ணீருக்குள் கிடந்த பாறைகள் யானைக் கூட்டம் போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஓடை மாதிரி ஒரு நீரோட்டம். காஜா கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடந்தார். பாதியில் வழுக்கி உட்கார்ந்தார், மார்பு வரை நனைந்தார். கேமராவைத் தூக்கிய கை மட்டும் இறங்கவில்லை.

"வாயில தண்ணி போகல!" என்று அங்கிருந்தே கூவினார். "நோன்பு இருக்கு!"

பாறை பாறையாகத் தேடினோம். காய்ந்த பழுப்பு, வழுவழுத்த பச்சை, அவ்வளவுதான். பூ என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "உம்ம ஜெர்மன்காரருக்கு நெசமாவே காய்ச்சலா இருந்திருக்குமோ?" என்று கோமதிநாயகம் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் படியிலிருந்து யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். திரும்பினால் சுடலைமுத்து. கையில் வாழைப்பழச் சீப்பு. பின்னால் ஒரு வயதான புரோகிதர், தோளில் பை, கையில் தர்ப்பைக் கட்டு.

"அண்ணாச்சி! அய்யரத் தேடி அலைய வேண்டாம்னு நானே கூட்டியாந்துட்டேன். எள்ளு, பழம் எல்லாம் இருக்கு. தண்ணி தொறக்க முன்ன காரியத்த முடிச்சிருங்க."

"என்ன காரியம்?" என்று கேட்டேன்.

கோமதிநாயகம் ஆற்றைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு என் காதருகே வந்து, பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"நேத்து அதிகாரி விடியக்காலமே தொறக்கேன்னு சொல்லிட்டாரு வே. நான் என்ன செய்ய? பாசி பூக்குதான்னு பாக்க ஒருத்தர் வந்திருக்காரு, மத்தியானம் வரைக்கும் பொறுங்கன்னு இந்தப் பயலுவகிட்ட சொன்னா, என்னையக் கெணத்துல தள்ளிருப்பானுவ. வைத்திக்கு வேண்டியவர் ஒருத்தரு இங்கன ஆத்தங்கரையில தவறிட்டாரு, நாளைக்குக் காரியம், பாறையில உக்காந்து செய்யணும், அப்படின்னு சொன்னேன். ஒருத்தன் வாய் தொறக்கல. எல்லாவனுமாச் சேந்து, மத்தியானம் தொறங்கன்னு அதிகாரிகிட்ட கேட்டானுவ."

வெடித்த வரப்பை நேற்று என் கண்ணால் பார்த்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவன் எள்ளும் தண்ணீரும் விடுகிற நேரத்தில் ஆறு பெருகிவந்து அதைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, அத்தனை வயல்காரர்களும் ஒரு காலைப் பொழுதுத் தண்ணீரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

புரோகிதர் இதற்குள் பாறைக்கு வந்து உட்கார்ந்து, பவித்திரம் முடிந்துகொண்டிருந்தார். "தவறினவா உங்களுக்கு என்ன உறவு? பேர், கோத்திரம் சொல்லுங்கோ."

சுடலைமுத்து எதிரே நிற்கிறார். கோமதிநாயகம் கண்ணால் கெஞ்சுகிறார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு செய்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

"உறவில்லை. ஜெர்மனி தேசத்துக்காரர். யோஹான் என்று பெயர். எங்கள் பக்கம் தரங்கம்பாடியில் வைத்தியம் பார்த்தவர். நோயாளிகளிடம் செடியைத் தவிர வேறெதுவும் வாங்காதவர். இங்கே வந்து காய்ச்சலில் போய்விட்டார். இருநூறு வருஷம் ஆயிற்று. புதைத்த இடம்கூடத் தெரியாது."

சுடலைமுத்து பழச் சீப்பைப் பாறைமேல் வைத்தார்.

"இருநூறு வருசமா ஒருத்தருமேவா செய்யல?"

"இல்லை."

"அட பாவமே." துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "அய்யரே, என்ன யோசன? ஆரம்பியும்."

புரோகிதர் சிரித்தார். "இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. உறவில்லாதவாளுக்கும், செய்ய ஆளில்லாதவாளுக்கும் காருண்ய தர்ப்பணம்னு தனியாவே உண்டு. கோத்திரம் தெரியலேன்னா சிவகோத்திரம். உக்காருங்கோ."

கோமதிநாயகம் சொன்ன பொய்யை என்ன செய்வது என்று நான் திகைத்துக்கொண்டிருந்தேன். செய்து முடித்துவிட்டால் அது பொய் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. ஹெஸ்லர் கிறிஸ்தவர். இது அவர் வழக்கமல்ல. ஆனால் அதே துளசியை மறுபடியும் மறுபடியும் வாங்கி வைத்துக்கொண்டவர், கொடுப்பவர் மனசைப் பார்த்திருப்பார், இதையும் மறுத்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன்.

"சிவகோத்ரஸ்ய யோஹான நாமதேயஸ்ய..."

கை நிறையத் தண்ணீரும் எள்ளும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியவிட வேண்டும். காற்று அடித்ததால் எள் சிதறியது. மூன்றாவது முறை நன்றாகக் குனிந்து, பாறையை ஒட்டிக் கையைச் சாய்த்தேன். மூக்குக்கும் பாறைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

பழுப்பு என்று நாங்கள் தாண்டிப் போன பரப்பு அது. அதிலிருந்து மயிரிழை போல நூல்கள் எழுந்து நின்றன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, வெளிறிய ரோஜா நிறத்தில் ஏதோ இருந்தது. ஒன்று இரண்டல்ல. பாறை முழுவதும். காலையிலிருந்து நாங்கள் நின்றுகொண்டு தேடியிருக்கிறோம். நிற்பவர்களுக்குத் தெரிகிற பூ அல்ல அது.

"காஜா!" என்று கத்தினேன்.

"மந்திரம்!" என்று புரோகிதர் அதட்டினார்.

முடிக்கும்வரை காஜா பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஈரப் பாறையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்தார். "யா அல்லாஹ், நெசமாவே பூவு" என்றார். பிறகு ரோல் தீரும்வரை பேசவில்லை. சுடலைமுத்து முட்டிபோட்டுப் பார்த்தார். புரோகிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தினமும் இது மேலதான் நிக்கறேன். வழுக்கறதுன்னு வைஞ்சிருக்கேன்" என்றார்.

"இதப் பாத்துட்டுத்தான் அந்த மனுசன் சொல்லியிருக்காரு" என்று கோமதிநாயகம் மெதுவாகச் சொன்னார். "பூத்திருக்கு, பூத்திருக்குன்னு. ஒருத்தனும் நம்பல."

அந்த மருத்துவரும் இப்படித்தான் குனிந்திருக்கவேண்டும். காய்ச்சலோடு, இந்த வெயிலில், ஏதோ ஒரு பாறையில் முகம் வைத்து. முதல் பயணத்தில் பாசி என்று தவறாகக் குறித்ததைத் தானே கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அதைத்தான் வண்டியில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

நாங்கள் கரையேறிப் பழம் தின்றுகொண்டிருந்தோம். காஜா மட்டும் தன் பங்கைப் பையில் போட்டுக்கொண்டார். மேலே எங்கோ இரைச்சல் கேட்டது. ஓடை கலங்கியது, நுரைத்தது, பாறைகளின் இடுக்கில் நாக்கை நீட்டியது.

"வந்துட்டுலே தண்ணி!" என்று சுடலைமுத்து துண்டைச் சுழற்றினார். கோமதிநாயகத்தைக் கட்டிக்கொண்டார். பூத்த பாறை கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கியது. மூன்று நாள் இந்தத் தண்ணீர் வடியாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். அது பெருகி வந்ததைப் பார்த்து எனக்கும் கைதட்டத்தான் தோன்றியது. தட்டினேன்.

அன்று இரவு செண்பகம் அம்மாள் சொதி வைத்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த வீட்டுச் சொதி. அதற்கு மேல் அதன் ருசியைச் சொல்ல எனக்குத் தெரியாது.

பெருநாள் கழிந்ததும் காஜா படங்களை அனுப்பினார். பல படங்கள் மங்கல். ஒன்று மட்டும் அப்படியே நேரில் பார்ப்பதுபோல் இருந்தது: ஈரப் பாறை, நூல் நூலாய்ப் பூக்கள். அதை எர்னாவுக்கு அனுப்பினேன். பங்குனியில் அறுவடை முடிந்ததாகக் கோமதிநாயகம் தொலைபேசியில் சொன்னார். கதிர் ஏமாற்றவில்லையாம்.

மறுவருஷம் மகள் புதுப் பலகையை நிழற்படம் எடுத்து அனுப்பினாள். பிதற்றினார் என்ற வரி போய்விட்டது. அந்த இடத்தில், "இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தம் பிழையைத் தாமே திருத்தினார்" என்று எழுதியிருந்தது. கீழே காஜாவின் படம், அவர் பெயரோடு. படத்தின் கீழே ஒரு குறிப்பு: "பாபநாசத்து ஆற்றுச் செடியின் பூக்கள். அருகே அதன் கருநிற விதைகள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தின் ஒரு மூலையில், பூக்களுக்கு நடுவே, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஐயமில்லாமல் எள். ஒரு தவறான வரியை எடுக்கப் போய் இன்னொன்றை எழுத வைத்துவிட்டேன். அன்றைய தபாலிலேயே எர்னாவுக்கு விளக்கமாக எழுதினேன். அந்த மூலையை வெட்டிவிட்டுப் படத்தைப் போடச் சொன்னேன்.

எர்னாவின் பதிலை மகள் தொலைபேசியில் வாசித்தாள்: "குழு வெட்டத்தான் சொன்னது. நான் விடவில்லை. குறிப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'கருப்பாகத் தெரிபவை எள். அந்த நாட்டில் தமக்கு வேண்டியவர் இறந்தால் தண்ணீரோடு சேர்த்து விடுவது வழக்கம். இவை இவருக்காக விடப்பட்டவை.' பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது கடைசி வரிவரை வாசிக்கிறேன்."

உடனே முக்கூடலுக்குப் பேசினேன். ஒரு வார்த்தை விடாமல் கோமதிநாயகத்துக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, பழைய தொழில் பழக்கத்தில், கருவியைத் தட்டினேன்.

"இருக்கேன் வே" என்றார். "வேண்டியவருன்னா எழுதியிருக்காங்க?"

"ஆமாம்."

"நான் அன்னைக்கு அதிகாரி ஆபீசுல என்ன வே சொன்னேன்? வைத்திக்கு வேண்டியவருன்னுதான சொன்னேன்? எங்க வே பொய்யி? இரும், சுடலைமுத்துக்குச் சொல்லிட்டு வாரேன்."